திறன்பேசி மின்கலத்தின் நலம்: ஓர் எண்ணைப் படிக்கும் முறை

பழைய திறன்பேசி ஒன்றை விலைபேசச் செல்வோர், இப்பொழுதெல்லாம் விலைக்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்கின்றனர்: "பேட்டரி எத்தனை விழுக்காடு?" பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவாயினும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையாயினும், சாலாக் செலாத்தான் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கடையாயினும் நடப்பது ஒன்றுதான். கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டி, "எண்பத்தேழு" என்பார். வாங்குபவர் தலையசைப்பார். அந்த எண்பத்தேழு எதனுடைய எண்பத்தேழு என்பதை இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் குடும்பங்கள் பலவற்றில் திறன்பேசியே வகுப்பறையாயிற்று. பள்ளிகள் திறந்த பின்னரும் இடுபணியும் அறிவிப்பும் அதன்வழியே வருகின்றன. பிள்ளைக்கென ஒரு பழைய பேசியை வாங்கும் பெற்றோர் அதற்காகச் சில நூறு ரிங்கிட்டைச் செலவிடுகின்றனர். அப்பேசி நண்பகலுக்கு முன்பே அணைந்துபோனால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. ஆதலின், மின்கல நலம் என்பது யாது, அதை எவ்வாறு அறிவது, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பனவற்றை இங்குக் காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திரையின் மேல் மூலையில் காணும் விழுக்காடு மின்னேற்ற நிலை. அமைப்புகளுக்குள் சென்றால் காணும் விழுக்காடு நலநிலை. குடத்தில் இப்போது எவ்வளவு நீர் உள்ளது என்பது முன்னது. அக்குடம் நிரம்பினால் எவ்வளவு கொள்ளும் என்பது பின்னது. புதிதில் பத்துப்படி கொண்ட குடம், அடியில் உப்புப் படிந்து படிந்து எட்டுப்படிதான் கொள்கிறது எனில், அதன் நலம் எண்பது விழுக்காடு. அக்குடத்தையும் விளிம்புவரை நிரப்பலாம். திரையும் அப்போது "100" என்றே காட்டும். சார்ஜ் நிற்கவில்லை என்று நாம் அலுத்துக்கொள்ளும் பேசி நூறு விழுக்காடு ஏறியதாகச் சொல்வது பொய்யன்று. அது சிறுத்துப்போன குடத்தின் நூறு.

இவ்வுவமையில் இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும். உப்புப் படியும்போது குடத்தின் வாயும் குறுகுகிறது. நீர் இருந்தும் வேகமாக ஊற்ற இயலாது. மின்கலத்தில் இதனை உள்தடை என்பர். ஒளிப்படம் எடுக்கும்போதோ காணொலி அழைப்பின்போதோ பேசி ஒரு நொடியில் மிகுந்த மின்னோட்டத்தைக் கேட்கிறது. உள்தடை மிகுந்த கலத்தால் அதைத் தர முடிவதில்லை, மின்னழுத்தம் சட்டெனச் சரிகிறது, பேசி அணைந்துவிடுகிறது. 30 விழுக்காடு இருக்கும்போதே பேசி அணைகிறது என்னும் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. கொள்ளளவைச் சொல்லும் எண் இக்குறையை நேராகச் சொல்வதில்லை என்பதை மறக்கலாகாது.

உள்ளே நிகழ்வது என்ன?

இலித்தியம் அயனிக் கலத்தில் இரண்டு முனைகள் உள்ளன. ஒன்று பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்டு. மற்றொன்று கோபால்ட் முதலிய உலோகங்களின் ஆக்சைடு. இடையே மின்பகு திரவமும், இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாதிருக்க நுண்துளைப் படலமும் உள்ளன. மின்னேற்றும்போது இலித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கிராஃபைட்டுக்குச் செல்கின்றன, பயன்படுத்தும்போது திரும்புகின்றன. கலத்தின் வாழ்நாள் முழுதும் இந்தப் போக்குவரத்துத்தான்.

ஒவ்வொரு பயணத்திலும் சில அயனிகள் வீடு திரும்புவதில்லை. கிராஃபைட்டின் மேற்பரப்பில் திரவம் சிதைந்து ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. இப்படலம் இல்லையேல் கலமே இயங்காது. ஆயினும் அது ஆண்டுக்காண்டு தடித்து, இலித்தியத்தைத் தன்னுள் சிறைப்பிடிக்கிறது. முனைப்பொருளின் துகள்களும் விரிந்து சுருங்கி விரிசலுறுகின்றன. தேய்மானம் என நாம் சொல்வது இவற்றின் கூட்டுவிளைவு. எடுத்து ஒதுக்கி வைத்த கலமும் தேய்வதற்குப் படலம் தடிப்பதே முதற்காரணம்.

இத்தொழில்நுட்பத்தின் அடித்தளத்தை அமைத்த சுடான்லி விட்டிங்காம், சான் குடினஃப், அக்கிரா யோசினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சோனி நிறுவனம் 1991இல் இவ்வகைக் கலத்தை முதன்முதலாகச் சந்தைக்குக் கொணர்ந்தது. தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் இங்கு உண்டு. பரிசு பெற்றபோது குடினஃபுக்கு அகவை 97. சுட்டாக்கோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தென்தமிழகச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையில் வேதியியல் பயின்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர்க் குடினஃபுடன் பல்லாண்டு ஆய்வு செய்தவர் அவர். டெக்சாசு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பாடநூலில் இவர் பெயரையும் சேர்த்தால் மின்வேதியியல் பாடம் சற்று உயிர்பெறும் என்பது என் எண்ணம்.

எண் வெளிவந்த வரலாறு

மின்கல நலத்தைப் பயனர் காண இயலாத காலமே நெடியது. அது மாறியதற்கு ஒரு சர்ச்சையே காரணம். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த மென்பொருள் மேம்பாட்டின்வழி, தேய்ந்த மின்கலமுடைய சில ஐஃபோன்களின் வேகத்தை ஆப்பிள் நிறுவனம் குறைத்தது. திடீரென அணைவதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் பயனருக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் வேகச்சோதனைத் தரவுகள் வெளியானதும் நிறுவனம் அதனை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. மின்கல மாற்றக் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த மேம்பாட்டில்தான் "மின்கல நலம்" என்னும் பக்கம் முதன்முதலாகத் தோன்றியது. புதிய மின்கலம் போட்டிருந்தால் போதும் என்னும் நிலையில் எத்தனை பேர் புதிய பேசியே வாங்கியிருப்பர்! தெரியவேண்டிய எண் தெரியாதிருந்ததன் விலை அது.

ஐரோப்பிய ஒன்றியம் இதனைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 சூன் 20 முதல் அங்கு விற்பனைக்கு வரும் புதிய திறன்பேசிகளின் மின்கலம் 800 சுழற்சிகளுக்குப் பின்னும் குறைந்தது 80 விழுக்காட்டுக் கொள்ளளவைக் காக்க வேண்டும்.

சுழற்சி என்பதையும் விளக்கிவிடுவோம். செருகியை ஒருமுறை செருகுவது ஒரு சுழற்சியன்று. மொத்தமாக நூறு விழுக்காடு செலவானால் ஒரு சுழற்சி. இன்று 60, நாளை 40 எனச் செலவிட்டால் இரண்டு நாளுக்கு ஒன்று. ஆப்பிள் தன் பழைய மாதிரிகளுக்கு 500 சுழற்சிகளும், ஐஃபோன் 15 முதலானவற்றுக்கு 1000 சுழற்சிகளும் கடந்தபின் 80 விழுக்காடு எஞ்சும் என்கிறது. நாளொன்றுக்கு 60 விழுக்காடு செலவிடும் மாணவருக்கு 500 சுழற்சி என்பது ஏறத்தாழ 833 நாள். அதாவது இரண்டேகால் ஆண்டு. வகுப்பில் இதனைக் கணக்காகவே கொடுக்கலாம்.

எங்கே பார்ப்பது?

ஐஃபோனில் அமைப்புகளுக்குச் சென்று, பேட்டரி என்பதைத் திறந்தால் நலப்பக்கம் கிடைக்கும். ஐஃபோன் 15 முதல் சுழற்சி எண்ணிக்கையும் காட்டப்படுகிறது. அங்கே நிற்காமல், "பொது" என்பதன்கீழ் "பற்றி" என்னும் பக்கத்தையும் காண்க. மின்கலம் மாற்றப்பட்டிருப்பின், அது மூலப் பாகமா அன்றா என்னும் குறிப்பு அங்கிருக்கும். மூன்றாண்டுப் பேசி ஒன்று நூறு விழுக்காடு காட்டினால் மகிழ்வதற்கு முன் இப்பக்கத்தைப் பார்ப்பதே அறிவுடைமை.

ஆண்டிராய்டு பேசிகளில் ஒருமை இல்லை. கூகுளின் பிக்சல் 8ஏ முதலானவற்றில் விழுக்காடே தெரியும். சாம்சங் பேசிகளில் அந்நிறுவனத்தின் மெம்பர்ஸ் செயலியில் உள்ள சோதனைப் பகுதி, பல மாதிரிகளில், எண்ணுக்கு மாறாக "நன்று" என்பது போன்ற சொல்லைத் தருகிறது. எதுவும் காட்டாத பேசிக்கு அக்குபேட்டரி போன்ற செயலிகள் உண்டு. அவை செய்வதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பேசியின் மின்கலம் 5000 மில்லியாம்பியர் மணி எனக் குறிக்கப்பட்டுள்ளது. 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை மின்னேற்றும்போது உள்ளே சென்றது 2400 எனச் செயலி காட்டுகிறது. 60 விழுக்காட்டுக்கு 2400 எனில் நூறுக்கு 4000. ஐயாயிரத்தில் நாலாயிரம்; நலம் 80 விழுக்காடு.

கணக்கு எளிது; நம்பகம் அவ்வளவு எளிதன்று. இருபது, எண்பது என்பவையே பேசி ஊகித்துச் சொல்லும் எண்கள். ஒருமுறை அளந்து முடிவுகட்டாமல், ஐந்தாறு முறை மின்னேற்றி, சராசரி காண வேண்டும். விரைவு மின்னேற்றத்திற்காக இரண்டு கலங்களைத் தொடராக இணைத்த பேசிகளில் செயலி பாதி அளவையே காட்டுவதும் உண்டு. நலம் 45 விழுக்காடு எனக் கண்டு அஞ்சி நல்ல மின்கலத்தைக் கழற்றி எறிய வேண்டா.

உற்பத்தியாளர் காட்டும் எண்ணும் கல்வெட்டன்று. 2025இல் வந்த பிக்சல் 9ஏ பேசியில், 200 சுழற்சிகள் ஆனதும் மென்பொருளே மின்கலத்தின் உச்ச மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்குகிறது. 1000 சுழற்சிவரை அது தொடர்கிறது. எஞ்சிய கொள்ளளவு வேதியியலால் மட்டுமன்றி ஒரு கொள்கை முடிவாலும் தீர்மானிக்கப்படுகிறது என்று பொருள். மாணவர்கள் இதை நன்கு சிந்திக்கலாம்: நாம் அளப்பது பொருளையா, பொருளுக்கு இடப்பட்ட வரம்பையா?

கடையில் நின்று ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. மின்னேற்றம் முப்பதுக்குக் கீழ் இருக்கும்போது, திரை ஒளியை முழுதும் கூட்டி, காணொலிப் பதிவைத் தொடங்குக. எண் படிப்படியாக இறங்கினால் குற்றமில்லை. இருபத்தெட்டிலிருந்து பத்தொன்பதுக்குத் தாவினாலோ, பேசி அணைந்தாலோ உள்தடை மிகுந்துவிட்டது. பிறகு பேசியைச் சமதளக் கண்ணாடிமேல் மல்லாக்க வைத்துப் பாருங்கள். முதுகு உப்பி ஆடினாலோ, திரையின் ஓரம் மேலெழுந்திருந்தாலோ விழுக்காட்டைக் கேட்கவே வேண்டா.

வெப்பம்

நம் நாட்டில் தேய்மானத்தின் பெரும்பகைவன் வெப்பமே. பேட்டரி யுனிவர்சிட்டி என்னும் தொழில்நுட்பக் கல்வித் தளம் வெளியிட்டுள்ள அட்டவணை ஒன்று பலராலும் எடுத்தாளப்படுவது. 40 விழுக்காடு மின்னேற்றத்தோடு 25 பாகை செல்சியசில் ஓராண்டு வைத்த கலத்தில் 96 விழுக்காட்டுக் கொள்ளளவு எஞ்சுகிறது. முழு மின்னேற்றத்தோடு 40 பாகையில் வைத்தால் எஞ்சுவது 65. கலத்தின் வகைக்கேற்ப எண்கள் மாறும், திசை மாறாது. வெப்பமும் நிறைமின்னேற்றமும் சேர்ந்தால் கேடு பெருகும்.

ஆப்பிள் தன் கருவிகளுக்கு உகந்ததெனக் கூறும் சூழல் 16 முதல் 22 பாகை வரை. 35 பாகைக்கு மேல் நிலையான சேதம் நேரலாம் என எச்சரிக்கிறது. கோலாலம்பூரின் நண்பகலோ பெரும்பாலான நாள்களில் 32, 33 பாகையைத் தொடும். எல்லைக்கும் நமக்கும் இடைவெளி மிகச் சிறிது. வெயிலில் நிறுத்திய காரின் முகப்பில் வைத்த பேசியும், தலையணைக்கடியில் மின்னேறும் பேசியும், மின்னேற்றியபடியே விளையாடப்படும் பேசியும் அவ்வெல்லையை எளிதில் கடந்துவிடும். மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இன்று பல பேசிகளில் உண்டு. நாள் முழுதும் மேசையருகே இருப்போர் அதைப் பயன்படுத்தலாம். காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் மாணவர் அதற்காகப் பாதிவழியில் பேசியின்றி நிற்க வேண்டியதில்லை. மின்கலம் நமக்காக, நாம் அதற்காக அல்லோம்.

வீங்கிய மின்கலம் தனிவகை. திரவம் சிதைந்து உள்ளே வாயு சேர்ந்ததன் அடையாளம் அது. அதனை அழுத்தவோ, ஊசியால் குத்தவோ, மேலும் மின்னேற்றவோ கூடாது. பேசியை அணைத்து, தீப்பற்றக்கூடிய பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் இலித்தியம் கொண்ட மின்கலக் கழிவு எஸ்டபிள்யூ 103 என்னும் குறியீட்டின்கீழ் வருகிறது. அது வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு உரியதன்று. மின்கழிவு சேகரிப்பிடங்களில் ஒப்படைக்க வேண்டும்.

வாங்கிய பின்னர் எண் பொய்யெனத் தெரிந்தால்? 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம் குறித்து வணிகர் பொய்யுரைப்பதைத் தடுக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞரின்றியே பதிவு செய்யலாம். வணிகரல்லாத தனியாள் ஒருவரிடம் வாங்கியதற்கு இது பொருந்தாது. கடையில் வாங்குவோர் இரசீதில் மாதிரிப் பெயரோடு நல விழுக்காட்டையும், இருந்தால் சுழற்சி எண்ணிக்கையையும், மின்கலம் மாற்றப்பட்டதா என்பதையும் எழுதித் தரச் சொல்லி, அப்பக்கங்களின் திரைப்படிமத்தையும் அன்றே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.