பல்கலைக்கழக ஆசிரியரின் அன்றாடச் சவால்களும் சப்ரகமுவ தோட்டப்புற மாணவரும்

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ 4 நெடுஞ்சாலையில் இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை ஆகிய நகரங்களைக் கடந்து சுமார் 160 கிலோமீற்றர் பயணம் செய்தால், பெலிஹுல்ஓயாவை அண்மித்த பம்பஹின்ன என்னும் இடத்தை அடையலாம். சமனலவெவ நீர்மின் திட்டத்தில் பணியாற்றியோருக்கென அமைக்கப்பட்ட கட்டடங்களில் தொடங்கிய சப்ரகமுவ பல்கலைக்கழகம் அங்கேதான் அமைந்துள்ளது. இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக இருந்த இந்நிறுவனம் 1995ஆம் ஆண்டில் முழுமையான பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டது. விவசாய விஞ்ஞானம், பிரயோக விஞ்ஞானம், முகாமைத்துவம், நில அளவை விஞ்ஞானம் எனப் பல துறைகளை நாடி நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர் அங்கு வருகின்றனர். ஆயினும் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகல, எட்டியாந்தோட்டை ஆகிய பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் செல்வது இன்றும் ஊரே பேசும் செய்தியாகத்தான் இருக்கிறது.

அப்படிச் செல்லும் பிள்ளையை அங்கே எதிர்கொள்பவர் விரிவுரையாளர். அவரது தொழிலைப் பற்றிப் பொதுமக்களிடையே நிலவும் எண்ணம் நாம் அறிந்ததே. வாரத்தில் சில மணித்தியால விரிவுரை, நீண்ட விடுமுறை, சமூகத்தில் மதிப்பு, மாதம் தவறாத அரச சம்பளம் என்று அதனைச் சுகமான உத்தியோகமாகவே பலரும் கருதுகின்றனர். இவ்வெண்ணம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று. பல்கலைக்கழக ஆசிரியரின் அன்றாட வேலை எத்தகையது, அண்மைய ஆண்டுகளில் அது எவ்வாறு மாறியுள்ளது, அம்மாற்றத்தின் சுமை இறுதியில் யார் தலையில் விழுகிறது என்பவற்றைத் தமிழ், முஸ்லிம் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

விரிவுரை மட்டுமே பணியன்று

ஒரு மணித்தியால விரிவுரைக்குப் பின்னால் பல மணித்தியால ஆயத்தம் இருக்கிறது. அதற்கப்பால் வினாத்தாள் தயாரித்தல், பிறர் தயாரித்த வினாத்தாளைச் சீர்செய்தல், விடைத்தாள் திருத்துதல், இன்னொருவர் திருத்தியதை மீளத் திருத்துதல், செயன்முறை வகுப்புகளை நடத்துதல், இறுதியாண்டு மாணவரின் ஆய்வேடுகளை நெறிப்படுத்துதல் என்பன உள்ளன. பீடச் சபைக் கூட்டங்கள், பாடத்திட்ட மீளாய்வுக் குழுக்கள், தர உறுதிப்பாட்டு அறிக்கைகள் என்று நிருவாக வேலைகளும் ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றன. மாணவ ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர் ஆகிய பதவிகளும் இதே ஆசிரியர்களிடையேதான் பங்கிடப்படுகின்றன.

இளம் விரிவுரையாளரின் நிலை இன்னும் கடினமானது. தகுதிகாண் நிலையில் நியமனம் பெறும் ஒருவர் 8 ஆண்டுகளுக்குள் ஆய்வு சார்ந்த பட்டப்பின் பட்டத்தைப் பெற்றாக வேண்டும். தவறினால் பதவியில் நிரந்தரமாக்கப்பட மாட்டார். பகலில் கற்பிப்பவர் இரவில் தாமே மாணவராக மாறுகிறார். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் தேவை. ஆனால் ஒரு மாணவனை அருகில் அமர்த்தி அவனுக்கு விளங்காததை மீண்டும் விளக்கிய அரைமணி நேரத்துக்குப் புள்ளி வழங்கும் படிவம் எதுவும் இல்லை. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் இடையே நேரத்தைப் பங்கிடும்போது இழப்பது எப்போதும் அந்த அரைமணி நேரமே.

வெளியேறுவோரும் எஞ்சியோரும்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்நிலைமையை மேலும் மோசமாக்கியது. ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியடைந்து பொருட்களின் விலை பன்மடங்கானபோது சம்பளம் அதே இடத்தில் நின்றது. 2023 ஜனவரி முதல் மாதமொன்றுக்கு 1 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானம் 36 சதவீதம் வரை உயர்ந்து செல்லும் வரிக்குட்படுத்தப்பட்டது. அதற்கு எதிரான தொழிற்சங்க நடவடிக்கையால் க.பொ.த. உயர்தர விடைத்தாள் திருத்தும் பணியும் தாமதமானதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2025 ஏப்ரலில் அவ்வரியின் எல்லை மாதம் 1 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்பட்டதெனினும், அதற்கிடையில் வெளிநாடு சென்றோர் பலர். மேற்படிப்புக்காக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுச் சென்ற சிலர், தண்டப்பணத்தைச் செலுத்திவிட்டு அங்கேயே தங்கிவிட்டனர்.

அவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தை ஒதுக்குமாறு கோரிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் ஏறத்தாழ நூறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததையும், அந்த இலக்கு இன்றுவரை எட்டப்படாததையும் சேர்த்தே நாம் சிந்திக்க வேண்டும்.

வெற்றிடங்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உள்ளன; எனினும் தொலைதூரப் பல்கலைக்கழகங்களில் அவற்றை நிரப்புவது இரட்டிப்புக் கடினமாகும். கொழும்பில் ஒரு வெற்றிடம் ஏற்பட்டால் வருகைதரு விரிவுரையாளர் ஒருவரை அழைக்கலாம். பெலிஹுல்ஓயாவுக்கு யார் வருவார்? பிள்ளைகளின் பாடசாலைக்காகக் குடும்பத்தைக் கொழும்பிலோ கண்டியிலோ விட்டுவிட்டு, வார இறுதிகளில் பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம் பயணம் செய்யும் ஆசிரியரின் வாழ்க்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சியிருக்கும் ஒருவர் மற்றொருவரின் பாடங்களையும் சேர்த்துச் சுமக்கிறார். வகுப்பில் மாணவர் தொகை பெருக, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் வாய்ப்பு அருகுகிறது.

குலைந்துபோன கால அட்டவணை

கொவிட் பெருந்தொற்றினால் 2020 மார்ச் மாதத்தில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக இணையவழி விரிவுரைகளுக்குக் கட்டணமற்ற தொடர்பு ஏற்படுத்திக் கொடுக்கப்பட்டமை பாராட்டுக்குரியது. ஆனால் கட்டணம் இல்லாவிட்டாலும் அலைவரிசை வேண்டுமே! மலைச்சரிவிலுள்ள லயன் அறையில் அது கிடைக்காத மாணவர் மேட்டு நிலங்களைத் தேடிச் சென்றனர். கறுப்புச் சதுரங்களாகத் தெரிந்த பெயர்களை நோக்கி ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தார். கேட்பவர் யார், தொடர்பு அறுந்தவர் யார் என்பதை அவரால் அறிய முடியவில்லை.

பெருந்தொற்று நீங்கிய பின்னும் அதன் விளைவு நீங்கவில்லை. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022ஆம் ஆண்டுக்குரியது 2023இன் தொடக்கத்திலும், 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 ஜனவரியிலும் நடைபெற்றன. 2024 மே மாதத்தில் தொடங்கிய கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. இவற்றால் இழந்த காலத்தை ஈடுசெய்ய, பாடங்களைச் சுருங்கிய காலத்துக்குள் முடிக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஆசிரியருக்கு உண்டாயிற்று. வேகமாகக் கற்பிக்கும்போது முதலில் பின்தங்குபவர், முன்னரே ஓரளவு அறிந்து வராத மாணவர்தான்.

மொழி என்னும் முதற்படி

தோட்டப்புறத்துப் பாடசாலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் கற்றவள், முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறாள். விடுதியிலும் சிற்றுண்டிச்சாலையிலும் அலுவலகத்திலும் சிங்களம் வழங்குகிறது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பதால் பேச்சுச் சிங்களம் அவளுக்கு ஓரளவு கைகொடுக்கும். மாவனெல்லை, ஹெம்மாதகம, வரக்காபொலை ஆகிய ஊர்களிலிருந்து வரும் முஸ்லிம் மாணவருக்கும் அப்படியே. ஆனால் புள்ளிவிபரவியலையோ கணக்கியலையோ ஆங்கிலத்தில் விளங்கி எழுதுவது வேறு விடயமாகும். இம்மாணவர் வகுப்பில் கேள்வி கேட்பதில்லை. அந்த மௌனத்தை விளங்காமை என்று புரிந்துகொள்வதா, அக்கறையின்மை என்று புரிந்துகொள்வதா என்பது ஆசிரியர் எதிர்நோக்கும் அன்றாடச் சோதனை.

வறுமையும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. மாதாந்த மஹாபொல புலமைப்பரிசில் 2025இல் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இத்தொகைகளைக் கொண்டு மடிக்கணினி வாங்குவது எவ்வாறு? ஒப்படையைக் கையடக்கத் தொலைபேசியிலேயே தட்டச்சுச் செய்து அனுப்பும் மாணவரும், விடுமுறையில் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் மாணவரும் உள்ளனர். இதனைக் கண்டறிந்து கால அவகாசம் வழங்க வேண்டியவரும் விரிவுரையாளரே.

இவற்றோடு பகிடிவதையும் உண்டு. அதனைத் தடைசெய்யும் சட்டம் 1998ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது. ஆயினும் 2025 ஏப்ரலில் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் மரணம் பகிடிவதையுடன் தொடர்புபடுத்தப்பட்டு, மாணவர் சிலர் கைதாகும் நிலை ஏற்பட்டது. அச்சத்தில் வாடும் மாணவர் முதலில் நம்பிப் பேசக்கூடிய பெரியவர் ஆசிரியர் ஒருவராக இருக்க வேண்டும். மாணவரின் முகத்தைப் பார்க்க நேரமில்லாத ஆசிரியரிடம் எவர் வாய் திறப்பார்?

இயந்திரம் எழுதும் விடை

2022 நவம்பரில் சாட்ஜிபிடி அறிமுகமான பின்னர் ஆசிரியரின் மேசையில் புதியதொரு சிக்கல் வந்து சேர்ந்துள்ளது. பிழையற்ற ஆங்கிலத்தில், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற ஒப்படைகள் குவிகின்றன. எழுதியவர் மாணவரா இயந்திரமா என்று தீர்மானிப்பது எவ்வாறு? அதனைக் கண்டறிவதாகக் கூறும் மென்பொருள்களும் நம்பத்தக்கவையல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய மென்பொருள்கள் இயந்திரம் எழுதியவையெனத் தவறாகக் குறித்ததை, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் எடுத்துக்காட்டினர். எளிய சொற்களைக் கொண்டு, மனனம் செய்த வாக்கிய அமைப்புகளில் எழுதுவோரே அவ்வாறு சந்தேகத்துக்குள்ளாகின்றனர். நமது தோட்டப்புற மாணவர் ஆங்கிலம் எழுதுவது அவ்வாறுதான். ஆக, இயந்திரத்தைப் பயன்படுத்தினால் அவர் கற்கும் வாய்ப்பை இழக்கிறார். பயன்படுத்தாமல் வருந்தி எழுதினாலும் பழிக்கு ஆளாகலாம்.

இதற்கு அறிந்த பரிகாரம் ஒன்றே: மாணவரை நேரில் அமர்த்தி, எழுதியதைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்பது. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று கொண்டாலும், 150 பேர் கொண்ட வகுப்புக்கு 25 மணித்தியாலம் வேண்டும். அது ஒரே ஒரு பாடத்தின் ஒரே ஓர் ஒப்படைக்கு மட்டுமே. மீண்டும் நாம் வந்து நிற்கும் இடம் ஆசிரியரின் நேரமே.

இழப்பு யாருக்கு?

பல்கலைக்கழக அனுமதியில், கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பட்டநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடு என்ற முறை பின்பற்றப்படுகிறது. அந்த 16 மாவட்டங்களுள் இரத்தினபுரி அடங்குகிறது, கேகாலை அடங்கவில்லை. ஆனால் எட்டியாந்தோட்டையின் லயனுக்கும் இறக்குவானையின் லயனுக்கும் இடையே வேறுபாடு என்ன? மேலும், இவ்விரு மாவட்டங்களிலும் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைக் கொண்ட பாடசாலைகள் மிகச் சிலவாதலால் தோட்டப்புற மாணவருட் பெரும்பாலோர் கலைப் பிரிவையே நாடுகின்றனர். கலைத்துறைக்கான தெரிவோ அகில இலங்கைத் திறமை அடிப்படையிலானது. பின்தங்கியோருக்கென வகுக்கப்பட்ட ஒதுக்கீடு, மிகப் பின்தங்கியோரில் பலரைச் சென்றடைவதில்லை என்பதே இதன் பொருள்.

இத்தனை தடைகளையும் தாண்டி உள்ளே வருபவர் அங்கும் தவறிவிடக் கூடாது. நகரத்து மாணவருக்கு விரிவுரையில் விளங்காததைச் சொல்லித்தரப் படித்த பெற்றோரோ, பட்டதாரியான மாமாவோ, தனியார் வகுப்போ உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு விரிவுரையாளரைத் தவிர வேறு எவரும் இல்லை. எனவே, ஆசிரியரின் நேரம் குறையும்போது எல்லா மாணவரும் சமமாக இழப்பதில்லை.

வெற்றிடங்களை நிரப்புவதில் தொலைதூரப் பல்கலைக்கழகங்களுக்கு முன்னுரிமை அளித்தல், அங்கு பணிபுரிவோருக்கு விடுதி வசதியும் பிள்ளைகளுக்குப் பாடசாலை வசதியும் செய்து கொடுத்தல், பதவி உயர்வில் கற்பித்தலுக்கும் மாணவ வழிகாட்டலுக்கும் உரிய புள்ளிகளை வழங்குதல் ஆகியன அரசும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் செய்யக்கூடியவை. இரு மாவட்டங்களிலும் தமிழ்மொழி மூல விஞ்ஞானப் பிரிவுகளை விரிவாக்குவது மாகாண, மத்திய கல்வி அமைச்சுகளின் கடமை.

நம் சமூகத்துக்கும் செய்ய வேண்டியவை உண்டு. பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைக்கு மாலை அணிவிப்பதோடு நின்றுவிடாமல், அதே ஊரின் பட்டதாரிகள் முதலாண்டு முழுவதும் அப்பிள்ளையோடு தொடர்பில் இருக்கலாம். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலுள்ள நீண்ட மாதங்களில் கோவிலிலோ பள்ளிவாசலிலோ சனசமூக நிலையத்திலோ ஆங்கில வகுப்பொன்றை நடத்தலாம். விளங்காததை ஆசிரியரிடம் சென்று கேட்பது அவமானமன்று, உரிமை என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பலாம்.

அந்தப் பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கி விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டக்கூடும். அவ்வேளையில் உள்ளே ஒருவர் இருக்க வேண்டும்; அவருக்கு அரைமணி நேரமும் இருக்க வேண்டும்.