ஊசி சரியில்லை என்றால் சுப்ரபாதமும் தேயும்

பழைய இசைத்தட்டுகள் பரணிலிருந்து இறங்குகின்றன. பிளேயரைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், தட்டைத் தொடும் ஒரே பொருளான கார்ட்ரிட்ஜை மறந்துவிடுகிறார்கள்.

தில்லி மந்திர் மார்க்கில் பிர்லா மந்திர் இருக்கிறது. காளி பாரி இருக்கிறது. தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வேண்டுமென்று அரசுக் குவார்ட்டர்ஸ் கேட்டு வாங்கினார் என் அப்பா. சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் அவரோடு வந்த டிரங்குப் பெட்டியில் பாதி துணி, பாதி இசைத்தட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963ஆம் ஆண்டு வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யின் உறையில் தன் பெயரையும் வாங்கிய தேதியையும் எழுதி வைத்திருந்தார்.

அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தேன். செகண்ட் ஹேண்ட் பிளேயர் ஒன்று வாங்கினேன். "ஊசி புதுசு சார்" என்றார் கடைக்காரர். பத்து நாள் விடியற்காலையில் சுப்ரபாதம் ஒலித்தது. பதினோராம் நாள், குரல் உச்சத்துக்குப் போன இடங்களிலெல்லாம் கரகரப்பு. பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னது: ஊசியின் முனை உடைந்திருக்கிறது. பத்து நாளும் அது பாட்டை வாசிக்கவில்லை, செதுக்கியிருக்கிறது.

இசைத்தட்டில் இழந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. அதனால்தான் கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் அவசரம் கூடாது.

வேலை எளிது. தட்டின் பள்ளத்தில் ஓடும் வைர முனை அதிர்கிறது. கார்ட்ரிட்ஜ் அந்த அதிர்வை மின்சாரமாக்குகிறது. எப்படி ஆக்குகிறது என்பதில்தான் வகைகள். மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் இருப்பது செராமிக் வகை. சில நூறு மில்லிவோல்ட் தருவதால் ஆம்ப்ளிஃபயரில் நேரே செருகலாம். ஆனால் பெரும்பாலும் 5 கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும். மூவிங் மேக்னட் வகையில் காந்தம் அசையும். சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் கிடைக்கும். ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் மாற்றலாம். மூவிங் காயிலில் கம்பிச்சுருள் அசையும். பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே தரும். நுணுக்கம் அதிகம், விலையும் அதிகம். ஊசி போனால் பொதுவாக கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு மூவிங் மேக்னட் போதும்.

அந்த 5 மில்லிவோல்ட்டை ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' துளையில் கொடுத்தால் கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல்தான் கேட்கும். எல்.பி.யில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிகிறார்கள். 1954 முதல் பரவிய ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு இது. அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்வது ஃபோனோ ப்ரீஆம்ப்ளிஃபயர். பல புதிய பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கிறது. மூவிங் காயிலுக்கு அதற்கென்று கூடுதல் பெருக்கம் உள்ள ப்ரீஆம்ப் வேண்டும்.

அடுத்தது பொருத்தம். ஜாதகப் பொருத்தம் போலவே இதிலும் இரு தரப்பையும் பார்க்க வேண்டும். ஊசியைத் தாங்கும் தண்டு எவ்வளவு இளகி அசையும் என்பது ஒரு பக்கம். அதன் பெயர் கம்ப்ளையன்ஸ். டோன் ஆர்ம் எவ்வளவு கனம் என்பது மறு பக்கம். இரண்டும் சேர்ந்து ஊஞ்சல் போல ஒரு வேகத்தில் ஆடும். அந்த ஆட்டம் விநாடிக்கு 8 முதல் 12 தடவைக்குள் இருப்பது நல்லது. கணக்கு இதுதான்: மொத்த எடையை (கிராமில்) கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 159ஐ வகுக்க வேண்டும்.

ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜின் எடை 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. ஆர்மின் செயல் எடை 10 கிராம், திருகுகள் 1 கிராம் என்றால் விடை 8.3. பொருத்தம் சரி. அதையே 20 கிராம் ஆர்மில் மாட்டினால் விடை 6.7 ஆகிவிடும். குறைந்தால் என்ன என்று கேட்கலாம். வளைந்த தட்டு ஊசியைத் தூக்கிப்போடும் வேகமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தில்லியின் மே மாத வெயிலில், பரணில் படுக்கவைத்த எல்.பி. வளையாமல் தப்புவது அரிது. ஆகவே தலைநகரவாசிகளுக்கு இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. மாறாக, 1960களில் ஜப்பான் வானொலிக்காக உருவான டெனான் டிஎல்-103 விறைப்பானது. அதற்குக் கனமான ஆர்ம்தான் துணை.

பெட்டியின் அடியில் தாத்தாவின் 78 சுழற்சித் தட்டுகளும் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. இந்திய அரக்கு சேர்த்துச் செய்த தட்டுகள் அவை. மந்திர் மார்க் வால்மீகி கோவிலில் 1946-47இல் தங்கியிருந்த காந்தியின் குரலே 1931இல் லண்டனில் அப்படியொரு தட்டில்தான் பதிவானது. அவற்றின் பள்ளம் அகலம். சுமார் 3 மில் முனை வேண்டும். எல்.பி. ஊசி 0.7 மில் அளவுதான். அது அகலப் பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலை மட்டும் வாசிக்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தாலோ எல்.பி. பாழ். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் ஒரே உடலுக்கு இரண்டு வகை ஊசியும் கிடைக்கின்றன. பெட்டி கலவையாக இருப்பவர்களுக்கு அது வசதி. ஷ்யூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பழைய ஷ்யூர் வைத்திருப்பவர்கள் பிறர் செய்யும் மாற்று ஊசிகளைத்தான் நம்ப வேண்டும்.

வாங்கிய பிறகு கவனிக்க:

● அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்பது தவறான எண்ணம். லேசான ஊசி பள்ளத்தில் துள்ளி, சுவரில் மோதும். தயாரிப்பாளர் 1.8 முதல் 2.2 கிராம் என்று சொன்னால் 2 கிராமில் வையுங்கள். சிறிய டிஜிட்டல் தராசு போதும்.

● அச்சிட்ட அளவுகோலை வைத்து ஊசியின் கோணத்தைச் சரிபாருங்கள்.

● நீள்வட்ட ஊசிக்கு ஆயுள் ஏறக்குறைய 300 மணி நேரம். தினமும் 20 நிமிட சுப்ரபாதம் என்றால் இரண்டரை ஆண்டு.

● தில்லித் தூசி ஊசிக்கு எமன். தட்டைக் கார்பன் பிரஷ்ஷாலும், ஊசியைப் பின்னிருந்து முன்னாகவும் துடையுங்கள்.

● செகண்ட் ஹேண்ட் பிளேயரில் "புதுசு" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். அருமையான தட்டை வைப்பதற்கு முன் ஊசியை மாற்றிவிடுங்கள். ஊசிக்கு மாற்று உண்டு.

ஜும்மா மசூதி அருகே மீனா பஜாரில் தேடி இன்னொரு சுப்ரபாதம் எல்.பி. வாங்கினேன். நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் அதன் உறையில் அப்பாவின் கையெழுத்து இல்லை. புது ஊசி மாட்டிய பிறகு ஒரு காலை, பழைய தட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பத்து நாளும் நான் தொடாத இரண்டாம் பக்கம் அது. கரகரப்பே இல்லை.