பிரிட்டன் போனது, ஆங்கிலம் நின்றது

ஐரோப்பாவில் பல வேலைகளுக்கு ஆங்கிலம் அவசியமாகிவிட்டது. இலக்கணம் கைவந்த பிறகுதான் உண்மையான சோதனை ஆரம்பிக்கிறது.

ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் 2020 ஜனவரி 31ல் வெளியேறியது. அதன் கொடி இறங்கியது, எம்.பி.க்கள் மூட்டை கட்டினார்கள். மொழி மட்டும் அசையவில்லை. இன்றைய யூனியனில் 27 நாடுகள், 24 அதிகாரபூர்வ மொழிகள், சுமார் 45 கோடி மக்கள். ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்டவை அயர்லாந்தும் மால்டாவும் மட்டுமே. இரண்டின் மக்கள்தொகையைக் கூட்டினாலும் யூனியனில் ஒன்றரை சதவீதம் தேறாது. ஆனாலும் ஒரு போலந்துக்காரரும் போர்ச்சுகீசியரும் வியாபாரம் பேச உட்கார்ந்தால், பெரும்பாலும் வாயில் வருவது ஆங்கிலம்தான்.

இது ஆரம்பத்திலிருந்தே இருந்த நிலை அல்ல. 1958ல் பொதுச்சந்தை நாடுகள் ஏற்றுக்கொண்ட நான்கு மொழிகள் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, டச்சு. 1973ல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த பிறகே ஆங்கிலம் உள்ளே வந்தது. அப்போதும் பிரஸ்ஸல்ஸ் அலுவலகங்களில் பிரெஞ்சு மொழியின் கைதான் ஓங்கியிருந்தது. 2004ல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பெருமளவில் சேர்ந்ததும் தராசு சாய்ந்தது. அந்த நாடுகளில் ரஷ்ய மொழியை உதறிய புதிய தலைமுறை கற்றது ஆங்கிலத்தை. 2024ல் வெளியான யூரோபாரோமீட்டர் கணிப்பின்படி, ஆங்கிலத்தை அந்நிய மொழியாகப் பேசத் தெரிந்தவர்கள் யூனியனில் 47 சதவீதம். இளைஞர்களில் பத்துக்கு ஏழு பேர்.

எப்படிக் கற்றார்கள் என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், போர்ச்சுகல் போன்ற நாடுகளில் வெளிநாட்டுப் படங்கள் அசல் ஒலியோடு ஓடும்; கீழே உள்ளூர் மொழியில் எழுத்து வரும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முன்பே காதில் ஆங்கிலம் விழுந்துவிடுகிறது. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் வழக்கம் டப்பிங். ஹாலிவுட் நடிகர்கள் அங்கே சரளமாக ஜெர்மனும் ஸ்பானிஷும் பேசுகிறார்கள். அந்த நாடுகளில் ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் வகுப்பறையே கதி.

வேலை தேடுபவரின் ஆங்கிலத்தை அளக்க ஒரு பொதுவான அளவுகோலும் வந்துவிட்டது. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வெளியிட்ட இந்த அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். எவ்வளவு இலக்கணம் தெரியும் என்பதைவிட, மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதே இதில் முக்கியம். கடையில் சாமான் வாங்க ஏ2 போதும். தன் துறை பற்றி விவாதிக்க பி2 வேண்டும். ஆங்கிலத்துக்கு மட்டுமல்ல, எல்லா மொழிக்கும் இதே ஏணிதான்.

ஆனால் சான்றிதழ் வாங்கியவர் முதல் மீட்டிங்கிலேயே தடுமாறலாம். காரணம், சொற்கள் ஆங்கிலமானாலும் பழக்கவழக்கம் சொந்த ஊருடையது. பிரிட்டிஷ்காரர் ஒருவர் உங்கள் திட்டத்தை 'சுவாரசியமாக இருக்கிறது' என்று சொன்னால், அது நாசூக்கான மறுப்பாக இருக்கலாம். நேராகப் பேசிப் பழகிய டச்சுக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மேலே வேலையை ஆரம்பித்துவிடுவார். பதிலுக்கு அவர் 'இது சரியில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லும்போது, பிரிட்டிஷ்காரருக்கு அவமானமாகப் படுகிறது. இருவர் பேசியதிலும் இலக்கணப் பிழை கிடையாது.

மரியாதை இன்னொரு சிக்கல். ஜெர்மன் மொழியில் தமிழைப் போலவே 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. பல ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் இருந்தும் 'நீங்கள்' என்றே பேசிக்கொள்பவர்கள் உண்டு. ஆங்கிலத்துக்கு மாறியதும் இருவருக்கும் ஒரே 'யூ'. முதலாளியைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கூட்டம் முடிந்து ஜெர்மனுக்குத் திரும்பினால் மறுபடியும் 'நீங்கள்'.

முகம் ஒன்று, பொருள் வேறு என்ற சொற்களும் காலை வாரிவிடும். ஜெர்மனில் 'எவென்டுவெல்' என்றால் 'ஒருவேளை'. ஆங்கிலத்தின் 'எவென்ச்சுவல்' என்றால் 'முடிவில் நடக்கப்போவது'. சரக்கு அனுப்புவதைப் பற்றிய கடிதத்தில் இந்த ஒரு சொல் போதும், சண்டை மூள. பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் கேட்பது. அதையே ஆங்கிலத்தில் 'டிமாண்ட்' என்று எழுதினால், பணிவான வேண்டுகோள் மிரட்டலாகிவிடும்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1994ல் பிரான்ஸ் கொண்டுவந்த தூபோன் சட்டம், விளம்பரத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் பிரெஞ்சைக் கட்டாயமாக்கியது. அந்த மந்திரியின் பெயரையே ஆங்கிலத்தில் 'ஆல்குட்' என்று மொழிபெயர்த்துக் கேலி செய்தார்கள். ஆனால் தொழிலாளர்களுக்கு அது வெறும் கௌரவப் பிரச்னை அல்ல. தொழில்நுட்ப ஆவணங்களை ஆங்கிலத்தில் மட்டுமே கொடுத்த ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், 2006ல் வெர்சாய் நீதிமன்றம் விதித்த தொகை 5,80,000 யூரோ. அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் ஐரோப்பியத் தொழிலதிபர்களின் பிரதிநிதியான பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்ததும், அதிபர் ஷிராக் எழுந்து வெளியே போய்விட்டார்.

இத்தாலியில் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மேற்படிப்பு முழுவதையும் ஆங்கிலத்துக்கு மாற்ற 2012ல் முடிவெடுத்தது. பேராசிரியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆங்கிலத்தில் பாடம் நடத்தலாம், இத்தாலி மொழியை அடியோடு விலக்கக்கூடாது என்று 2017ல் அரசியல்சாசன நீதிமன்றம் சொன்னது. ஆங்கிலம் சரளமாகப் புழங்கும் ஸ்வீடனே, ஸ்வீடிஷ்தான் நாட்டின் முதன்மை மொழி என்று 2009ல் சட்டம் போட வேண்டி வந்தது.

இந்தச் சண்டையில் நடுவே நிற்பவர்கள் சாதாரண உழைப்பாளிகள். ஆங்கிலம் தெரியாத ஐம்பது வயது ஊழியருக்குப் பதவி உயர்வு எட்டாக்கனியாகலாம். ஆங்கிலம் மட்டும் தெரிந்து வெளியிலிருந்து வருபவருக்கு வேறு விதமான கஷ்டம். துலூஸில் உள்ள ஏர்பஸ் நிறுவனத்தில் அலுவல் மொழி ஆங்கிலம்தான். ஆனால் வீட்டு வாடகை ஒப்பந்தம், மின் கட்டண நோட்டீஸ், பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் கடிதம் எல்லாம் பிரெஞ்சில்தான் வரும். உணவு இடைவேளையில் சுற்றிலும் கேட்கும் சிரிப்பும் பிரெஞ்சில்தான்.

இந்தியாவிலிருந்து புறப்படும் நர்ஸுகளுக்கு இது நன்றாகத் தெரியும். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஆங்கிலத் தேர்வு போதும். ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெற ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 வரை தேற வேண்டும். அங்கே டாக்டருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கலாம். ஆனால் எண்பது வயது நோயாளி நடுராத்திரியில் எங்கே வலிக்கிறது என்று சொல்வது ஜெர்மனில்தான்.