கணக்கைத் திரையில் காட்டும்போது



ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பாடசாலைகள் என்று அவுஸ்திரேலியாவில் நம்மவர்கள் நடத்தும் அமைப்புகள் பல. இவற்றின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் பொருளாளர் கணக்கறிக்கையைப் பவர்பொயின்ற் மூலம் திரையில் காட்டுவது இன்று வழமையாகிவிட்டது. கணக்காளன் என்ற முறையில் இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் நான் இருந்திருக்கிறேன். அநேகமாகக் கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் எக்செல் தாளை அப்படியே ஒட்டிய ஸ்லைட்டில் 40 வரிகள் இருக்கும். பின்வரிசையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. தேநீர் நேரத்திலேயே "எதையோ மறைக்கினம்" என்ற கதை தொடங்கிவிடும். இரவு வேலை செய்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கென்று காசு தந்தவருக்கு, அது எங்கே போனது என்று அறியும் உரிமை உண்டு. அவரைப் பொறுத்தவரை வாசிக்க முடியாத கணக்கு, காட்டாத கணக்குத்தான்.

இது சிறிய விடயமல்ல. 2003 பெப்ரவரி 1ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அவ்விபத்தை விசாரித்த குழு அதே ஆண்டு ஓகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், பொறியியலாளர்கள் தயாரித்த ஒரு பவர்பொயின்ற் ஸ்லைட்டையும் ஆராய்ந்தது. முக்கியமான தகவல் சிறிய எழுத்தில் அடியில் கிடந்ததால், அதை வாசிக்கும் மேலதிகாரி உயிராபத்தை உணராமல் போயிருக்கக்கூடும் என்று குழு சுட்டிக்காட்டியது. திரையில் எதைப் பெரிதாகக் காட்டுகிறோம் என்பதில் அவ்வளவு இருக்கிறது.

அந்த மென்பொருளிலேயே இதற்கு உதவும் வசதிகள் உண்டு. பொருளாளர்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

1. ஒரு ஸ்லைட்டுக்கு ஒரு செய்தி போதும். "வரவு செலவு" என்று தலைப்பிடுவதைவிட, "சேர்ந்த 20,000 டொலரில் 15,000 டொலர் பாடசாலைக் கூரைக்குச் சென்றது" என்று முழு வசனமாக எழுதுங்கள். எழுத்தின் அளவு 28க்குக் குறையவேண்டாம். முழுக் கணக்கையும் தாளில் அச்சிட்டு வாசலிலேயே கையில் கொடுங்கள்.

2. வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரேயடியாகக் காட்டவேண்டாம். 'அனிமேஷன்ஸ்' பகுதியில் உள்ள 'அப்பியர்' வசதியால், நீங்கள் அழுத்தும்போது ஒவ்வொரு வரியாக வரச் செய்யலாம். சுழன்று வருபவை, பறந்து வருபவை எல்லாம் கணக்குக்குத் தேவையில்லை.

3. விபரமான பட்டியல்களைக் கடைசியில் வைத்து, 'ஹைட் ஸ்லைட்' கொடுத்து மறைத்துவிடுங்கள். "மண்டப வாடகை ஏன் கூடியது?" என்று ஒருவர் கேட்டால், அந்த ஸ்லைட்டின் இலக்கத்தைத் தட்டி 'என்ரர்' அழுத்துங்கள். உடனே அது திரைக்கு வரும். கேட்டவுடன் ஆதாரம் காட்டினால் சந்தேகத்துக்கு இடமிராது.

4. விளக்கம் சொல்லும்போது 'பி' என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். திரை கறுப்பாகிவிடும், சபையின் பார்வை உங்களிடம் திரும்பும். மீண்டும் அழுத்தினால் படம் வந்துவிடும்.

5. சபைக்கு முதுகைக் காட்டித் திரையை வாசிக்கவேண்டாம். 'பிரசென்டர் வியூ' என்ற வசதியில் உங்கள் குறிப்புகளும் அடுத்த ஸ்லைட்டும் உங்கள் மடிக்கணினியில் மட்டும் தெரியும். விண்டோஸ் கணினியில், விண்டோஸ் விசையுடன் 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டென்ட்' என்பதைத் தெரிவு செய்தால்தான் இரண்டு திரைகளும் தனித்தனியாக இயங்கும்.

6. எழுத்துரு நம்மவர்க்கே உரிய தலையிடி. பாமினியில் தட்டச்சு செய்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். யூனிக்கோட்டில் எழுதுங்கள். விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துரு போதும். வேறு எழுத்துரு வேண்டுமானால், 'ஒப்ஷன்ஸ்' என்பதில் 'சேவ்' பகுதிக்குப் போய், எழுத்துருவைக் கோப்புடன் சேர்க்கும் பெட்டியில் அடையாளமிடுங்கள்.

தலைப்பின் கீழ் ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதினால், இங்கு பிறந்த பிள்ளைகளும் விளங்கிக்கொள்வார்கள். நாளை இந்தச் சங்கங்களின் பொருளாளர்கள் அவர்கள்தானே. கணினி வேலையில் அவர்களின் உதவியைக் கேளுங்கள், கணக்கும் பழகிக்கொள்வார்கள்.

கூட்டத்தன்று அரை மணி நேரம் முந்திப் போய் ஸ்லைட்டைத் திரையில் போட்டு, மண்டபத்தின் கடைசிக் கதிரையில் இருந்து பாருங்கள். உங்கள் சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவரையும் பக்கத்தில் இருத்தி, அவருக்கு இலக்கங்கள் தெரிகின்றனவா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் வரிகளைக் குறைத்து எழுத்தைப் பெருப்பிக்க அப்போதும் நேரம் இருக்கும்.