நைலானுக்கு எந்த டூல்?

இரும்பு கடைந்த கையோடு அதே டூலை நைலான் ராடில் வைத்துப் பாருங்கள். கடைந்த இடம் மெழுகை விரலால் இழுத்ததுபோல் மங்கிக் கிடக்கும். ஓரத்தில் பிசிறு தொங்கும். ராடு மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டூல் முனையைக் கழற்றிப் பாருங்கள்.

வெட்டும்போது பிறக்கும் சூடு இரும்பில் சட்டென்று பரவிவிடும். நைலானைவிட இரும்பு ஏறத்தாழ 200 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நைலானிலோ சூடு பிறந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. நைலான் 6 உருக 220 டிகிரி செல்சியஸ் வேண்டும். டெல்ரினுக்கு 175 போதும். ஆகவே டூல் தேய்க்காமல் வெட்ட வேண்டும்.

இரும்புக்கான கார்பைடு இன்செர்ட்டின் விளிம்பு, சீக்கிரம் உடையாமலிருக்கக் கொஞ்சம் மழுக்கித்தான் வருகிறது. அந்த மழுக்கல் நைலானை வெட்டாமல் அமுக்கித் தள்ளும். இன்செர்ட்தான் வேண்டுமென்றால் அலுமினியத்துக்கென்று விற்கும், பூச்சில்லாமல் பளபளவென்று மெருகேற்றியதை வாங்குங்கள். ஒருமுறை இரும்பைத் தொட்ட முனையை இதற்கு எடுக்காதீர்கள்.

நானென்றால் எச்.எஸ்.எஸ். பிட்டையே எடுப்பேன். கிரைண்டரில் பிடித்தபின் ஆயில் ஸ்டோனில் நாலு இழுப்பு இழுத்து, விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால் மறுபடி கல்லுக்கு. நகத்தில் பற்றி நின்றால் தயார். முனைக்குக் கீழே 10 முதல் 15 டிகிரி கிளியரன்ஸ் கொடுங்கள். அமுங்கிய நைலான் வெட்டு கடந்ததும் மீண்டு எழும்; இடைவெளி குறைந்தால் டூலின் வயிற்றில் உரசிச் சூடாகும்.

மேல்சரிவு பொருளுக்குப் பொருள் மாறும். நைலானுக்கும் டெல்ரினுக்கும் 5 முதல் 10 டிகிரி நல்லது. அக்ரிலிக்குக்குப் பித்தளைக்கு வைப்பதுபோல் பூஜ்யம். இல்லையென்றால் டூல் உள்ளே இழுத்து ஓரம் சில்லு பெயரும். அதற்கு ஆயிலும் ஊற்றாதீர்கள், பல நாள் கழித்துக்கூட வெடிப்பு விடலாம். காற்று அடித்தால் போதும். கண்ணாடி இழை கலந்த நைலான் எச்.எஸ்.எஸ்ஸைச் சீக்கிரமே தின்றுவிடும். அங்கே கார்பைடுதான்.

நல்ல முனையில் சுருள் அறுபடாமல் நாடாவாக வந்து சக்கில் சுற்றிக்கொள்ளும். லேத்தை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மைக்ரோமீட்டரை உடனே வைக்காதீர்கள். 50 மி.மீ. நைலான் புஷ் 20 டிகிரி சூடேறினாலே ஏறக்குறைய 0.09 மி.மீ. பெருத்திருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து அளந்து, கடைசி வெட்டை எடுங்கள்.