வீட்டு ஆளைப் போலீஸ் பிடித்துப் போனால்

மோத்தி ராம் ஒரு கொத்தனார். மத்தியப் பிரதேசத்தில் ஒரு வழக்கில் சிக்கினார். சிறையில் அடைக்கப்பட்டார். அவரை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு தொகைக்கு ஜாமீன் என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்தார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார்.

இது 1978ஆம் ஆண்டு நடந்தது. அந்த நாளில் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் என்பது மலை. உடன்பிறந்தவர் ஒருவர் ஜாமீன் கொடுக்க வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தது. அதனால் ஏற்க முடியாது என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார்.

ஜாமீன் கிடைத்தது. ஆனால் சிறைக் கதவு திறக்கவில்லை.

மோத்தி ராம் என்ன செய்தார்? அதைப் பிறகு பார்க்கலாம். முதலில், ஒரு வீட்டில் ஒருவரைப் போலீஸ் பிடித்துப் போனால் அந்த வீட்டார் என்ன செய்ய வேண்டும்?

வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “எங்கே வைத்திருக்கிறார்கள்?” என்பதுதான். இதற்குப் பதில் சொல்வது போலீசின் கடமை. கைது செய்தவுடன் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். கைது செய்யும்போதே ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதில் வீட்டார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். கைது செய்யும் போலீஸ்காரர் தம் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் இவற்றைக் கட்டாயம் ஆக்கியது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்ற விசாரணைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதிலும் இவை இருக்கின்றன. கைதானவர்களின் பெயர், விலாசம், என்ன குற்றம் என்ற விவரத்தைக் காவல் நிலையத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

பெண்களுக்குத் தனி விதி உண்டு. சூரியன் மறைந்த பிறகும், விடிவதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால், பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்கிய பிறகே கைது செய்யலாம்.

“எத்தனை நாள் ஸ்டேஷனில் வைத்திருப்பார்கள்?” இது அடுத்த கேள்வி. நாள் கணக்கே கிடையாது. மணிக் கணக்குதான். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வழிப் பயண நேரம் மட்டும் இதில் சேராது. நம் அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும், வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஸ்டேஷனில் யாராவது அடித்திருந்தால், அதை மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். பலர் பயத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிறகு சொன்னால் நிரூபிப்பது கடினம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். வருமானச் சான்று தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இதற்கான அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்டால், சிறைக்கு அனுப்புவார்கள். போலீஸ் லாக்கப் வேறு, சிறை வேறு. சிறையை நடத்துவது சிறைத் துறை. அங்கே போய்ச் சேர்ந்தவர் குற்றவாளி என்று ஆகிவிடவில்லை. வழக்கு முடியும்வரை அவர் விசாரணைக் கைதிதான். 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை.

சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இதை ‘மனு போட்டுப் பார்ப்பது’ என்பார்கள். வடக்கே ‘முலாக்காத்’ என்பார்கள். வாரத்தில் எத்தனை முறை, எந்த நேரம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போகும் முன் சிறையில் கேட்டுக்கொள்வது நல்லது. கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், நாள் தவறித் திரும்பி வருகிறவர்கள் எத்தனையோ பேர். போகும்போது அடையாள அட்டை வேண்டும். பார்ப்பதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. தாய் சிறையில் இருந்தால், ஆறு வயது வரை குழந்தை அவளோடு இருக்கலாம்.

இனி ஜாமீனுக்கு வருவோம். சில குற்றங்களில் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். அப்படிப்பட்ட வழக்கில், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஒருவரால் ஜாமீன்தாரர் கொடுக்க முடியவில்லை என்றால், அவரை ஏழை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய சொந்தப் பிணையிலேயே, அதாவது அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியின் பேரிலேயே விட வேண்டும். மற்றக் குற்றங்களில் ஜாமீன் கொடுப்பதா என்று கோர்ட் முடிவு செய்யும். அப்போதும் ஒரு கெடு உண்டு. போலீஸ் 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். போடாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனால்? அந்தக் குற்றத்துக்கு உள்ள அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். முன்பு தண்டனை பெறாத, முதல் முறை சிக்கியவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலம் போதும். தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இந்தக் காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். அவர் மறந்தால் வீட்டார் நினைவுபடுத்த வேண்டியதுதான்.

மோத்தி ராம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் வழக்கைக் கேட்டார். தெற்கேயிருந்து பிழைக்கப் போன ஒருவர் வடக்கே கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு அவர் எங்கே போவார் என்று அவர் கேட்டார். வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்றார். ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் கொத்தனாரை விடச் சொன்னார்.

ஆனாலும் பல கோர்ட்டுகளில் உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பது நிற்கவில்லை. ஆகவே 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இதைப் பேச வேண்டி வந்தது. உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமானால் அதை விதிக்க வேண்டாம் என்றது. ஜாமீன் கிடைத்து 7 நாள் ஆகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைக் குறைப்பது பற்றிக் கோர்ட்டே யோசிக்கலாம். வீட்டாரும் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போய், ஜாமீன் உத்தரவு வந்த தேதியைச் சொல்லி, “இன்னும் விடவில்லை” என்று எழுதிக் கொடுக்கலாம்.