உடம்புக்கு எண்ணெய் சரி... மூக்குக்கு வேண்டாம்! பச்சிளங்குழந்தைக் குளியலில் தொடர வேண்டியவையும் நிறுத்த வேண்டியவையும்

குழந்தை பிறந்த வீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. தேங்காய் எண்ணெய், நலங்கு மாவு, சாம்பிராணி எல்லாம் கலந்த வாசனை. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, பாட்டி தண்ணீர் ஊற்றும் அழகைப் பார்க்க அக்கம்பக்கத்தினரும் கூடிவிடுவார்கள். அந்தக் கைப்பக்குவம் ஒரு நாளில் வந்ததல்ல.

ஆனால், அதே குளியல் நேரத்தில்தான் இன்று பல வீடுகளில் சத்தமில்லாத ஒரு சண்டையும் நடக்கிறது. ``இப்படித்தான் உன் புருஷனையும் வளர்த்தேன்'' என்கிறார் மாமியார். ``எதையுமே தடவக் கூடாது'' என்கிறது செல்போன் வீடியோ. நடுவில் நிற்கிற இளம்தாய் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறார்.

பாட்டி செய்வது எல்லாமே தவறில்லை, எல்லாமே சரியுமில்லை. எதைத் தொடரலாம், எதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும். அதற்கு, பச்சிளங்குழந்தையின் தோல் எப்படிப்பட்டது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

தடவுவதெல்லாம் உள்ளே போகும்!

கைக்குழந்தையின் மேல்தோலின் வெளி அடுக்கு பெரியவர்களுடையதைவிட ஏறக்குறைய 30 சதவிகிதம் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பளவோ அதிகம். அதனால், பெரியவர்களுக்குத் தடவினால் மேலோடு நின்றுவிடும் ஒரு பொருள், குழந்தையின் தோல் வழியாக எளிதில் ரத்தத்தில் கலந்துவிடும்.

கிருமிகள் உள்ளே வராமல் தடுக்க, தோலின் மேல் லேசான அமிலத்தன்மை இருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு அது முழுமையாக இருக்காது. சில வாரங்களில்தான் மெள்ள உருவாகும். காரத்தன்மை அதிகமுள்ள சாதாரண சோப்பை தினமும் தேய்த்தால், அந்தப் பாதுகாப்பு உருவாவதற்கு முன்பே கழுவிப் போய்விடும்.

பிறக்கும்போது குழந்தையின் உடம்பில் வெண்ணெய் பூசியதுபோல ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். பலர் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுக்கப் பார்ப்பார்கள். உண்மையில் அது, குழந்தை தன் உடம்போடு கொண்டுவரும் கிரீம். தோல் வறளாமல் காப்பதும், கிருமிகளைத் தடுப்பதும் அதன் வேலை. தானாக உலரும்வரை விட்டுவிட வேண்டும். முதல் குளியலை, பிறந்து 24 மணி நேரம் கழித்தே தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சீக்கிரமே குளிப்பாட்டினால் குழந்தையின் உடல் சில்லிட்டுப் போகும் என்பது இன்னொரு காரணம். எடை குறைவாகவோ, குறைமாதத்திலோ பிறந்த குழந்தை என்றால், மருத்துவர் சொல்லும்வரை ஈரத்துணியால் துடைத்து விடுவதே போதும்.

தொப்புள்கொடி... ஒன்றும் செய்யாமல் இருப்பதே வைத்தியம்

தொப்புள்கொடி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் காய்ந்து தானே விழுந்துவிடும். அதுவரை மஞ்சள், விபூதி, எண்ணெய், பவுடர் எதையும் அதில் வைக்கக் கூடாது. தொப்புள் துருத்தாமல் இருக்க நாணயத்தை வைத்துக் கட்டுவதும் வேண்டாம். டயப்பரையோ துணியையோ தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டினால், சிறுநீர் படாமல் அந்த இடம் உலர்வாக இருக்கும்.

தொப்புள்கொடி வழியாக நுழையும் ரண ஜன்னிக் கிருமி ஒரு காலத்தில் ஏராளமான பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறித்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், சுத்தமான முறையில் கொடியை வெட்டிப் பராமரிப்பது ஆகியவை பரவலான பிறகுதான் நிலைமை மாறியது. 2015-ம் ஆண்டில்தான், தாய்க்கும் சேய்க்கும் வரும் ரண ஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா அங்கீகரிக்கப்பட்டது. சும்மா விடுவதுதான் பாதுகாப்பு என்பது அவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடம்.

எண்ணெய் மசாஜ்... தாராளமாகச் செய்யலாம்!

பாட்டிமார்கள் முழு மதிப்பெண் வாங்கும் இடம் இது. குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெயை மென்மையாகத் தடவி விடுவது தோலின் ஈரப்பதத்தைக் காக்கும். அந்தத் தொடுதல் குழந்தைக்கு இதமாகவும் இருக்கும். கடுகு எண்ணெய் சில குழந்தைகளுக்கு எரிச்சலைத் தரும் என்பதால் தவிர்ப்பது நல்லது.

அழுத்தம் கொடுத்து உருவக் கூடாது. ``மூக்கை நீவினால் எடுப்பாகும், தலையை அமுக்கினால் உருண்டையாகும்'' என்பதெல்லாம் நம்பிக்கை மட்டுமே. பிறந்த சில நாள்களில் ஆண், பெண் இரு குழந்தைகளுக்குமே மார்பு லேசாக வீங்கி, சொட்டுப் பால்கூட வரலாம். தாயின் ஹார்மோன்கள்தான் அதற்குக் காரணம், தானே சரியாகிவிடும். அதை அமுக்கிப் பிதுக்கினால் சீழ்க்கட்டி வரக்கூடும்.

எண்ணெய் போகக் கூடாத இடங்கள் மூன்று: மூக்கு, காது, தொண்டை. இதில் சமரசமே கூடாது. தண்ணீர் புரையேறினால் உடனே இருமல் வரும். எண்ணெய் அப்படி இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே தங்கி, நிமோனியாவை உண்டாக்கும். இது எங்கோ நடப்பதல்ல. தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்த வகை நிமோனியா வருவதைப் பற்றி 1970-களிலேயே மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

அதேபோல, குளித்து முடித்ததும் மூக்கிலும் காதிலும் வாய் வைத்து ஊதுவதும், தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுப்பதும் வேண்டாம். பெரியவர்களின் வாயில் இருக்கும் கிருமிகள் நேராகக் குழந்தைக்குப் போகும்; நகம் பட்டால் தொண்டையில் காயமாகும். மூக்கடைப்பு என்றால், மருத்துவர் பரிந்துரைக்கும் உப்பு நீர் சொட்டு மருந்து போதும்.

குளியல்... பத்து நிமிடம் போதும்

தண்ணீர் வெதுவெதுப்பாக, 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் சரி. தெர்மாமீட்டர் தேவையில்லை, முழங்கையை நனைத்துப் பார்த்தால் சூடும் தெரியாமல், குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்துவிடலாம். வெயில் காலத்தில் தினமும் குளிப்பாட்டலாம். மழை, பனிக் காலங்களில் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போதும். மற்ற நாள்களில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றைத் துடைத்துவிட்டால் சரி.

முதல் சில மாதங்களுக்கு வெறும் தண்ணீரே பெரும்பாலும் போதுமானது. நலங்கு மாவு, பயத்தம் மாவு எவ்வளவு சலித்தாலும் அதிலிருக்கும் நுண்ணிய துகள்கள் மெல்லிய தோலைச் சிராய்க்கும். மடிப்புகளில் தங்கிப் புண்ணாக்கும். மாவு தேய்த்தால் நிறம் கூடும் என்பதும் உண்மையல்ல. நிறத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் மரபணுதான். எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டுமென்றால், வாசனை அதிகமில்லாத, குழந்தைகளுக்கான திரவ சோப்பைக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம்.

பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். இல்லையென்றால் மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். ஆண் குழந்தையின் முன்தோலை இழுத்துச் சுத்தம் செய்யக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும், ஒரு நிமிடம்கூட, குழந்தையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தனியாக விட்டுப் போகக் கூடாது.

புகை, மை, பவுடர்... மூன்றுக்கும் விடைகொடுக்கலாம்

சாம்பிராணி புகை போடுவது தலையின் ஈரம் காய்வதற்காக. பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தாலே குழந்தையின் தலைமுடி சில நிமிடங்களில் காய்ந்துவிடும். புகை போய்ச் சேருவதோ, முழுதாக வளராத நுரையீரலுக்குள். சளி, மூச்சிரைப்பு அதிகமாகலாம். தணல் தவறி விழுந்து சுட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

கண்ணுக்குள் மை தீட்டினால் கண் பெரிதாகாது. சில வகை மைகளில் ஈயம் கலந்திருக்கிறது; அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. வீட்டிலேயே தயாரித்த மை என்றாலும், விரலால் தீட்டும்போது கண்ணில் கிருமித் தொற்று வரலாம். திருஷ்டிப் பொட்டு வைத்தால்தான் பாட்டிக்கு நிம்மதி என்றால், வீட்டு மையில் உள்ளங்காலில் சின்னதாக வைத்துக்கொள்ளட்டும். காலைத் தூக்கி வாயில் வைக்கும் வயது வந்ததும் அதையும் நிறுத்திவிடலாம்.

பவுடரைக் கொட்டிப் பூசும்போது அதன் தூசியைக் குழந்தை சுவாசிக்கிறது. வியர்வையோடு சேர்ந்து கழுத்து மடிப்பில் கட்டியாகிப் புண்ணும் வருகிறது. வேர்க்குருவுக்கு மருந்து, மெல்லிய பருத்திச் சட்டையும் காற்றோட்டமும்தான்.

கற்பூரமும் பாச்சை உருண்டையும்

இந்த இரண்டையும் பற்றிப் பலருக்கும் தெரிவதில்லை. சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தடவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும். கைக்குழந்தைகளுக்கு அது வலிப்பையே வரவழைக்கக்கூடும். கற்பூரம் கலந்த தைலங்களும் இரண்டு வயதுக்குள் வேண்டாம்.

முதல் குழந்தையின் சட்டைகளைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, அடுத்த குழந்தைக்குப் போடுவது நல்ல வழக்கம்தான். பழைய துணி மென்மையாக இருக்கும். ஆனால், அந்தப் பெட்டியில் பாச்சை உருண்டை எனப்படும் அந்துருண்டை போட்டிருந்தால் ஆபத்து. அதிலுள்ள நாப்தலின், 'ஜி6பிடி' என்ற நொதி குறைபாடுள்ள குழந்தைகளின் ரத்த சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. எனவே, குழந்தைத் துணி இருக்கும் இடத்தில் அந்துருண்டையே வேண்டாம்.

டயப்பர் புண்ணும் 'எல்லாவற்றுக்குமான' களிம்பும்

துணியோ, கடையில் வாங்கும் டயப்பரோ, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மலம் கழித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் பிறகு மாட்டலாம். லேசாகச் சிவந்திருந்தால் ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு உதவும்.

இரண்டு மூன்று நாள்களில் குறையாமல், தொடை இடுக்குகளில் அடர்சிவப்பாகப் பரவி, சுற்றிலும் சின்னச் சின்னப் பொரிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அப்போது பலர் செய்யும் தவறு, மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசுவது. அப்படித் தரப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் சிவப்பு மறைந்துவிடுவதால் நல்ல மருந்து என்று தோன்றும். டயப்பர் மூடியிருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, குழந்தையின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். மருத்துவர் பார்க்காமல் எந்தக் களிம்பும் வேண்டாம்.

பதற வேண்டாம்... தாமதிக்கவும் வேண்டாம்

மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளிகள், பிறந்த இரண்டு மூன்று நாளில் தோன்றி மறையும் சிவப்புத் தடிப்புகள், தோல் லேசாக உரிவது, முதுகின் கீழ்ப்பகுதியில் நீலத் திட்டு, தலையில் எண்ணெய்ப்பசையோடு செதில் ஆகியவை பெரும்பாலும் தாமாகவே மறைபவை.

தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ், துர்நாற்றம். உடம்பில் சீழ்க் கொப்புளம். உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் நிறம். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்... இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவா, பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழைக்கலாம்.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது?

இத்தனையும் தெரிந்திருந்தும், ``சொன்னால் மாமியார் வருத்தப்படுவார்'' என்று வாயை மூடிக்கொள்ளும் தாய்மார்கள் ஏராளம். ``நீங்க செய்றது தப்பு அத்தை'' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அதற்குப் பதிலாக, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளிலேயே பாட்டியையும் உடன் வைத்துக்கொண்டு மருத்துவரிடமோ செவிலியரிடமோ, ``மூக்குல எண்ணெய் விடலாமா? புகை போடலாமா?'' என்று கேட்டுவிடலாம். அங்கே கேட்க முடியவில்லை என்றால், வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். மருத்துவர் சொன்னதாக இருந்தால், அது மருமகளின் குற்றச்சாட்டாக இருக்காது.

பிள்ளையின் அப்பாவுக்கும் இதில் வேலை இருக்கிறது. தன் அம்மாவிடம் மனைவி சொல்லத் தயங்குவதை அவர் எளிதாகச் சொல்லிவிட முடியும்.

எண்ணெய் தேய்ப்பது, காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது, பதமாகத் துவட்டுவது, தூளியில் போட்டுத் தாலாட்டுவது எல்லாம் பாட்டியின் பொறுப்பிலேயே இருக்கட்டும். குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது மட்டும் பாட்டி, அப்பா, பார்க்க வரும் விருந்தாளி என எல்லோருக்கும் பொது.